விழும் தண்ணீரில் எத்தனை வாட்?

வாசகர் கேள்வி பதில்

ஓடும் தண்ணீரில் மின்சாரம் எடுப்பது பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எங்க பக்கம் தண்ணி ஓடுதுங்க, கரண்ட் வருமா?" எவ்வளவு தண்ணீர், எத்தனை அடி இறங்குகிறது என்று எழுதியவர்கள் மிகச் சிலர். அந்த இரண்டு எண்களும் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. கணக்கோடு எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம்.

எங்க காப்பித் தோட்டத்துக்கு மேல ஒரு ஓடை. ஆடியில இருந்து தை வரைக்கும் தண்ணி நிக்காது. 200 லிட்டர் பேரலை வெச்சுப் பார்த்தா 33 செகண்டுல நிறையுது. அங்கிருந்து வீட்டுக்கு 150 மீட்டர் குழாய் வேணும், இறக்கம் 25 மீட்டர் இருக்கும்னு செல்போன்ல காட்டுது. எவ்வளவு கரண்ட் வருமுங்க? என்னென்ன வாங்கோணும்?
— வாசகர், கொல்லிமலை

பேரல் வைத்து அளந்தீர்கள் பாருங்கள், அங்கேயே பாதி வேலை முடிந்தது. 200 லிட்டருக்கு 33 விநாடி என்றால் விநாடிக்கு 6 லிட்டர். கணக்கு இது: லிட்டரை மீட்டரால் பெருக்கி, அதை 9.81-ஆல் பெருக்கினால் தண்ணீரில் இருக்கும் மொத்த வாட் கிடைக்கும். குழாய், சக்கரம், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும். ஆகவே சின்ன அமைப்புக்கு 5-ஆல் பெருக்கினால் போதும். உங்களுக்கு 6 × 25 × 5 = 750 வாட்.

செல்போன் காட்டும் உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து பத்து மீட்டர் சாதாரணமாகத் தப்பும். கொத்தனார் வைத்திருக்கும் மட்ட ட்யூப்பை வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து மேலே படிப்படியாக அளந்து கூட்டுங்கள். இன்னொரு வழி: ஓடையிலிருந்து ஒரு ஓஸ் பைப்பை இறக்கி, காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கீழ்முனையை பிரஷர் கேஜால் அடைத்துவிடுங்கள். கேஜ் சதுர செ.மீ.க்கு 2.5 கிலோ காட்டினால் 25 மீட்டர்.

தண்ணீர் அளவையும் ஒரு நாள் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓடைக்குக் குறுக்கே ஒரு பலகை வைத்து, அதில் 90 டிகிரி வருமாறு V வடிவில் வெட்டிவிடுங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் 10 செ.மீ. உயர்ந்திருந்தால் விநாடிக்கு சுமார் 4.4 லிட்டர், 15 செ.மீ. என்றால் 12 லிட்டர், 20 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 25 லிட்டர். அளவுகோலை வெட்டின் வாயிலேயே வைக்காதீர்கள், அங்கே தண்ணீர் வளைந்து இறங்கும். ஒரு மீட்டர் மேலே, மட்டம் அசையாத இடத்தில் குச்சி நட்டுப் பாருங்கள். வாரம் ஒரு முறை, ஒரு வருஷம் முழுக்க எழுதி வையுங்கள். ஐப்பசி மழையில் அளந்து சக்கரம் வாங்கினால் மார்கழி முடிவதற்குள் அது தடுமாற ஆரம்பிக்கும். ஓடையின் மொத்தத் தண்ணீரையும் குழாயில் விடவும் கூடாது. கீழே இருப்பவர்களுக்கும் அந்த ஓடைதான்.

750 வாட் இரவும் பகலும் வந்தால் நாளுக்கு 18 யூனிட். 1 கிலோவாட் சோலார் நம் பக்கம் நாளுக்கு நாலு, நாலரை யூனிட் தரும். ஆக, தண்ணீர் ஓடும் மாதங்களில் உங்கள் ஓடை 4 கிலோவாட் சோலாருக்குச் சமம். ஆனால் எந்த நொடியிலும் 750-க்கு மேல் ஒரு வாட்கூட வராது. விளக்கு, ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ் ஓடும். இண்டக்ஷன் அடுப்பை மறந்துவிடுங்கள். காப்பிப் பழம் உரிக்கும் 1 குதிரைசக்தி மோட்டார்கூட ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் இழுவைக்கு இது தாங்காது.

இனி குழாய். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லாரும் தவறும் இடம் இதுதான். 6 லிட்டர் தண்ணீர் 63 மி.மீ. குழாயில் போனால் 100 மீட்டருக்கு 9 மீட்டர் இறக்கம் உராய்விலேயே போய்விடும். உங்கள் 150 மீட்டருக்கு ஏறக்குறைய 14 மீட்டர், அதாவது பாதிக்கும் மேல். 75 மி.மீ. என்றால் ஐந்தரை மீட்டர் போகும். 110 மி.மீ. போட்டால் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். 110-ஐயே வாங்குங்கள்.

அழுத்தம் 2.5 கிலோதானே, 4 கிலோ குழாய் போதும் என்று கடையில் சொல்வார்கள். போதாது. கீழே வால்வைச் சட்டென்று மூடினால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோதி, அழுத்தம் ஒரு கணம் இரட்டிப்பாகி 5 கிலோவைத் தொடும். 6 கிலோ குழாய் எடுங்கள். பால் வால்வு வேண்டாம், சுற்றிச் சுற்றி மெதுவாக மூடும் கேட் வால்வு போடுங்கள். பி.வி.சி. வெயிலில் கிடந்தால் நொறுங்கிவிடும் என்பதால் ஒன்றரை அடி மண்ணில் புதைத்துவிடுங்கள்.

மேல்முனையில் ஒரு தொட்டி. ஓடைத் தண்ணீர் நேராகக் குழாய்க்குள் போகாமல், அந்தத் தொட்டியில் நின்று மணலைக் கீழே விட்டுவிட்டுப் போக வேண்டும். அடியில் மணல் தள்ள ஒரு ஓட்டை, மூடியோடு. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஓர் அடியாவது கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை உறிஞ்சும். வாயைத் தாண்டியதும் ஒரு காற்றுக்குழாயை நிமிர்த்தி, தொட்டி மட்டத்துக்கு மேலே நிறுத்துங்கள். இலை குப்பையைத் தடுக்க வைக்கும் வலை அடைத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீர் மட்டும் கீழே ஓடினால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பி.வி.சி. சப்பிப்போகும். அதைத் தடுக்கத்தான் இது.

அடைப்பு என்றால் உங்கள் ஊரில் சில்வர் ஓக் இலைதான். சீப்பு மாதிரி பிளந்த அந்த இலை, நனைந்ததும் வலையில் ஈரத்துணி போல ஒட்டிக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்றாக நாலு இலை படிந்தால் தண்ணீர் உள்ளே போகாது. வலையைச் செங்குத்தாக வைக்காதீர்கள். சாய்த்து வைத்து, தண்ணீர் அதன் மேல் வழிந்து போகுமாறு அமையுங்கள். வழியும் தண்ணீரே இலையைத் தள்ளிக்கொண்டு போகும். அப்படியும் மழைக்காலத்தில் தினம் ஒரு நடை மேலே போய்த்தான் ஆக வேண்டும்.

சக்கரம்: 25 மீட்டர் இறக்கத்துக்குக் கிண்ணம் வைத்த பெல்ட்டன் சக்கரம் பொருந்தும். நாசிலிலிருந்து (குழாயின் முனையில் உள்ள குறுகிய துளை) தண்ணீர் விநாடிக்கு 21 மீட்டர் வேகத்தில் பீறிடும். கிண்ணம் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 10 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் முழுச் சக்தி கிடைக்கும். ஒரே நாசில் என்றால் துளை 19 மி.மீ. அதற்கு 200 மி.மீ. சக்கரம் வைத்தால் நிமிடத்துக்கு 950 சுற்று வரும். அதை ஜெனரேட்டருக்கு வேண்டிய 1,500 சுற்றாக உயர்த்த பெல்ட் போட வேண்டும். பெல்ட் வேண்டாம் என்றால் 13.5 மி.மீ. துளையோடு இரண்டு நாசில், 127 மி.மீ. சக்கரம், நேராக ஜெனரேட்டரோடு. எங்கள் ஓட்டு இரண்டு நாசிலுக்கே. தை மாதத்தில் தண்ணீர் பாதியானால் ஒன்றை மூடிவிட்டு மற்றதில் ஓட்டலாம், சக்கரத்தின் திறன் குறையாது.

சக்கரம் ஓடைப்பக்கம் இருந்து வீடு தள்ளி இருந்தால் கம்பியும் கணக்கில் வரும். 400 மீட்டருக்கு 230 வோல்ட்டில் 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி போட்டால் 12 வோல்ட் குறையும், பரவாயில்லை. அதே சக்தியை 24 வோல்ட் டி.சி.யாகக் கொண்டு வர நினைத்தால் 31 ஆம்பியர். அதற்கான கம்பி விலையில் இன்னொரு சக்கரம் வாங்கிவிடலாம்.

மூணு ஃபேஸ் 2 குதிரைசக்தி மோட்டாரையே கெபாசிட்டர் போட்டு ஜெனரேட்டர் ஆக்கி ஓட்டறோம். சாயங்காலம் எல்லாம் எரியறப்ப 220 காட்டுது. படுக்கப் போறப்ப விளக்கை அணைச்சா 300-ஐத் தாண்டுது. டிவி போயிருச்சு. சில நாள் மோட்டார் சுத்துது, கரண்டே வர்றதில்ல. வித்தவரைக் கேட்டா "தண்ணியக் குறைங்க"ங்கறார்.
— வாசகர், வால்பாறை

விற்றவர் சொன்னது பகலில் சரி. ராத்திரி பத்து மணிக்கு வால்வைத் திருக யார் போவது?

தண்ணீர் தள்ளும் சக்தி மாறாமல் இருக்க, எடுக்கும் கரண்ட் குறைந்தால் மிஞ்சிய சக்தி சக்கரத்தை வேகமாக ஓட்டும். வேகம் ஏறினால் வோல்ட் ஏறும். முழுச் சுமையும் கழன்றால் பெல்ட்டன் சக்கரம் வழக்கமான வேகத்தைப் போல 1.8 மடங்கு வரை போகும். இதற்கு மருந்து எலக்ட்ரானிக் லோடு கன்ட்ரோலர் என்ற பெட்டி. வீட்டில் எரியாத வாட்டையெல்லாம் அது ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும். ஜெனரேட்டருக்கு எப்போதும் ஒரே சுமை. ஹீட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போடுங்கள், குளிக்க வெந்நீர் ஆயிற்று. ஹீட்டரின் வாட் ஜெனரேட்டர் தருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். தொட்டி வற்றினால் ஹீட்டர் எரிந்துபோகும், அதோடு டிவியும் போகும். ஆகவே ஓடைத் தண்ணீரே அதற்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கரண்டே வராத நாட்களுக்குக் காரணம் வேறு. இந்த வகை மோட்டார், இரும்பில் மிஞ்சியிருக்கும் லேசான காந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரண்ட் தர ஆரம்பிக்கும். அளவுக்கு மீறிச் சுமை போட்டாலோ, சுமையோடு நிறுத்தினாலோ அந்தக் காந்தம் கரைந்துவிடும். எல்லாச் சுமையையும் கழற்றி, மோட்டார் நின்றிருக்கும்போது 12 வோல்ட் பேட்டரியை ஒரு சுருளில் ஒரு விநாடி தொட்டு எடுத்துவிட்டு, பிறகு ஓட்டுங்கள். அதற்கு முன் கெபாசிட்டரில் தேங்கிய கரண்டை ஒரு பல்பு வைத்து இறக்கிவிடுவது கட்டாயம். நின்ற மோட்டார்தானே என்று கை வைத்தால் தூக்கி அடிக்கும்.

மூன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். கெபாசிட்டர் 440 வோல்ட் ரன்னிங் வகையா? ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் போட்டிருந்தால் சில நிமிடத்தில் வெடிக்கும். மோட்டார் பலகையில் 1,440 சுற்று என்றிருந்தால் ஜெனரேட்டராக 1,560 அளவில் சுற்றினால்தான் 50 சைக்கிள் வரும், அதற்கேற்ற பெல்ட்டா? ஒரு ஃபேஸாக எடுக்க, ஒரு பக்கம் ஒரு பங்கும் இன்னொரு பக்கம் இரண்டு பங்கும் கெபாசிட்டர் வைத்திருந்தால், சுற்றும் திசை சரியா? திசை மாறினாலும் கரண்ட் வரும், ஆனால் ஒரு சுருள் மட்டும் கொதிக்கும். அரை மணி ஓட்டிவிட்டு மோட்டார் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். பலகையில் போட்டிருக்கும் வாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: மின்வாரிய லைன் இருக்கும் வீடானால், இரண்டையும் ஒரே போர்டில் ஒரே நேரத்தில் சேர்க்கவே கூடாது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சுவிட்ச்) இல்லாமல் விட்டால், லைன் நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியவர் உங்கள் கரண்டில் அடிபடுவார்.

கீழ்பவானி வாய்க்கால் எங்க தோட்டத்தை ஒட்டியே போகுது. தண்ணி விட்டா கரை நெறைய ஓடும். ஒரு சக்கரத்தை மிதக்க விட்டா மோட்டாரே ஓட்டலாம்னு வீடியோவுல காட்டறாங்க.
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

வீடியோவில் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரில், 1 சதுர மீட்டர் சக்கரத்துக்கு எதிரே இருப்பது மொத்தம் 500 வாட். கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும்: 125 முதல் 165 வாட். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு, பாதியானால் எட்டில் ஒன்று. கரை அரிக்கக் கூடாது என்பதற்காகவே வாய்க்காலை மெதுவாக ஓடும்படி வெட்டியிருக்கிறார்கள். ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு 10 மீட்டர் போக எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 14 விநாடி ஆனால் உங்களுக்குக் கிடைப்பது 45 வாட். ஒரு சாதாரண ஃபேன்கூட முழுசாக ஓடாது. முறைத் தண்ணீர் நிறுத்தும் மாதங்களில் அதுவும் இல்லை.

அதற்காக வாய்க்காலை மறித்து உயரம் ஏற்படுத்தலாமா என்றால், நீர்வளத்துறை விடாது, விடவும் கூடாது. உங்கள் இடத்தில் மட்டம் அரை அடி ஏறினால் மேலே இருக்கும் மதகுகளில் கூடுதலாகப் பாயும், கடைமடைக்குக் குறையும். அப்புறம் கரண்டைவிடப் பஞ்சாயத்துதான் அதிகம் வரும்.

தண்ணீரை உயரத்திலிருந்து விடும் இடங்களில் அரசே எடுக்கிறது. பவானிசாகர் அணையடியில் மின்நிலையம் இருக்கிறது. மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை, ஈரோட்டுப் பக்கம் வெண்டிபாளையம் என்று கதவணைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் எந்திரம் இரண்டிரண்டு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆற்றிலும் கதவை இறக்கித் தண்ணீரை உயர்த்திய பிறகுதான் எந்திரம். விநாடிக்கு 1,000 கனஅடி தண்ணீர் 6 மீட்டர் இறங்கினால் சுமார் 1.4 மெகாவாட். கதவு இல்லாமல் ஓட்டத்தை மட்டும் நம்பினால் அதில் சொற்பம்கூடத் தேறாது.

மாடியில 10,000 லிட்டர் டேங்க் இருக்குது. மோட்டார் போட்டு ஏத்தறதுதான் ஏத்தறோம், இறங்கறப்ப ஒரு டர்பைன் வெச்சா அந்தக் கரண்ட் மோட்டாருக்கே ஆகாதா?
— வாசகர், காங்கேயம்

ஆகாது. 10 மீட்டர் உயரத்தில் 10,000 லிட்டர் என்றால் அதில் இருக்கும் சக்தி 0.27 யூனிட். ஏற்ற 0.55 யூனிட் செலவாகும், இறக்கும்போது 0.13 யூனிட் திரும்பும். நாலு கொடுத்து ஒன்று வாங்குகிறீர்கள்.

"ஆனைமலையில கடம்பாறையில அப்படித்தானே செய்யறாங்க" என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செய்கிறார்கள், 400 மெகாவாட் நிலையம் அது. மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே கடம்பாறைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். அங்கும் 100 யூனிட் செலவழித்தால் 70, 80-தான் திரும்பும். கேட்பாரற்ற நேரத்துக் கரண்டில் ஏற்றி, ஊரே கேட்கும் நேரத்தில் இறக்குவதால் அந்த நஷ்டம் தாங்குகிறது. அது கரண்ட் கிடங்கு. உங்கள் மாடி டேங்க்கை அந்தக் கிடங்காக்க நினைத்தாலும் அதில் அடங்குவது ஒரு பழைய பைக் பேட்டரி அளவுதான்.

ஓரமாக் கெடக்கற 5 குதிரைசக்தி மோனோபிளாக்கைத் திருப்பி ஓட்டினா டர்பைன் ஆகுமாம்ல? கோயமுத்தூர் பம்ப்தான், பலகையில 20 மீட்டர், 8 லிட்டர்னு போட்டிருக்குது.
— வாசகர், சிறுமுகை

ஆகும். ஆனால் பலகையில் போட்ட எண்கள் அப்படியே பொருந்தாது. டர்பைனாக ஓட அதற்குத் தோராயமாக ஒன்றரை மடங்கு தண்ணீரும், ஒன்றரையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இறக்கமும் வேண்டும். உங்கள் பம்புக்கு விநாடிக்கு 12 லிட்டர், 30 முதல் 37 மீட்டர். அது உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தண்ணீரை டெலிவரிப் பக்கம் விட்டு சக்‌ஷன் பக்கம் வெளியேற்ற வேண்டும். புட்வால்வையும் என்.ஆர்.வி.யையும் (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு) கழற்றிவிடுங்கள். தலைகீழாகச் சுற்றுவதால் இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) திருகு மரையில் இருந்தால் கழன்றுகொள்ளலாம். சாவி வைத்த இம்பெல்லரா, நட்டுக்கு லாக் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள். இதற்கு நாசில் கிடையாது. தண்ணீர் 12-லிருந்து 8 ஆகிவிட்டால் குறைவாக ஓடுவதோடு நில்லாமல், ஏறக்குறைய ஒன்றுமே தராது. வருஷம் முழுக்க ஒரே அளவு தண்ணீர் வரும் இடத்துக்கு மட்டும் ஏற்றது.

எங்களுக்குக் கரண்ட் வேண்டாங்க, தண்ணி மேல ஏறுனாப் போதும். பள்ளத்துல நிமிஷத்துக்கு 60 லிட்டர் ஓடுது, 2 மீட்டர் இறக்கம் கிடைக்கும். பூமி 20 மீட்டர் மேல. லைன் வரலை.
— வாசகர், ஆனைகட்டி

இந்த மாதக் கேள்விகளில் எங்களுக்குப் பிடித்தது இதுதான். தண்ணீரைக் கரண்டாக்கி, கரண்டை மோட்டாராக்கி, மோட்டாரால் மறுபடி தண்ணீரை ஏற்றுவானேன்? ஹைட்ராலிக் ராம் பம்ப் போடுங்கள். இறங்கி வரும் தண்ணீரை ஒரு வால்வு சட்டென்று மறிக்க, அது மோதும் அடியிலேயே ஒரு பங்கு தண்ணீர் மேலே ஏறும், கரண்டே வேண்டாம். பிரான்சில் 1796-இல் செய்த கருவி, இன்றும் அதே வடிவம்தான். கணக்கு: 60 × 2-ஐ 20-ஆல் வகுத்து, அதில் 60 சதவீதம். நிமிடத்துக்கு 3.6 லிட்டர். கொஞ்சமாகத் தெரியும், ஆனால் ராத்திரியும் ஓடும். நாளுக்கு 5,000 லிட்டருக்கு மேல் டேங்க்கில் விழும். மீதித் தண்ணீர் பள்ளத்துக்கே திரும்பிவிடும்.

வேண்டியவை: 2 அங்குல ஜி.ஐ. குழாய் 10 முதல் 12 மீட்டர், T வடிவ இணைப்பு (டீ) இரண்டு, 2 அங்குலத்தில் பித்தளைத் தட்டு வால்வு ஒன்று, மேலே போகும் பக்கத்துக்கு ஒரு என்.ஆர்.வி., காற்றறைக்கு 4 அங்குலக் குழாய் மூன்றடி மேல்முனை மூடியோடு, டேங்க் வரை முக்கால் அல்லது ஒரு அங்குலக் குழாய். தண்ணீர் இறங்கி வரும் குழாய் இரும்பாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக், தண்ணீர் மோதும் ஒவ்வொரு முறையும் உப்பிக் கொடுத்து அந்த மோதலின் வேகத்தை விழுங்கிவிடும். அதில் வளைவும் கூடாது.

ஆரம்பிக்கும்போது தட்டு வால்வைக் கையால் இருபது முப்பது தடவை அமுக்கி விடுங்கள். மேல்குழாயில் தண்ணீர் ஏற ஏற அது தானாக அடிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு ஐம்பது அறுபது அடி என்றால் சரியான ஓட்டம். அதைவிட வேகமானால் வால்வின் எடையைக் கூட்டுங்கள், ஒரு நட்டைக் கூடுதலாகப் போட்டாலே போதும்.

குழாயைப் புதைக்காமல் விட்டால் யானை இழுத்துப் போட்டுவிடும் என்று உங்கள் ஊர்க்காரருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பள்ளம் காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ஆறேழு வாரத்தில் "டொக், டொக்" என்ற சத்தம் மாறி, சுத்தியலால் இரும்பை அடிப்பது போல "டங், டங்" என்று கேட்டால், காற்றறையில் காற்றுக் கரைந்துபோய்த் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் ஏதாவது ஓர் இணைப்பு விரியும். என்.ஆர்.வி.க்குச் சற்றுக் கீழே உடம்பில் ஒன்றரை மி.மீ. துளை போட்டிருந்தால், ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொட்டுத் தண்ணீரைத் துப்பி, கொஞ்சம் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பாசி அந்தத் துளையை அடைக்கும், கம்பி விட்டுக் குத்திவிடுங்கள். துளை வேண்டாம் என்றால் பழைய சைக்கிள் ட்யூப்பில் பாதிக் காற்றடித்து, மடித்துக் காற்றறைக்குள் திணித்து மூடிவிடலாம். ட்யூப்பின் வால்வு முனையில் துணி சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடிக்கிற அடியில் அதுவே ரப்பரைக் கிழித்துவிடும்.